ஏழு டிகிரித் தண்ணீர்

கொட்டகலையில் தை மாதத் தண்ணீர்
குழாய்க்குள்ளேயே விறைத்துக் கிடக்கும்.
இரவு ஷிப்டுக்கு வந்ததும்
வாளிக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன்: ஏழு.
நோட்டில் எழுதிக்கொண்டேன்.
எழுதும்படி யாரும் சொல்லவில்லை.

எதிரே உலை.
கவ்வாத்துக் கத்திக்கான இரும்புத் துண்டு
ஆயிரத்து நூறில் பழுத்து வரும்.
ரெங்கபாண்டி குறட்டால் கவ்வி
கீழச்சில் வைப்பான்.
ஒரே இடி.
தகரக் கூரை எழும்பி உட்காரும்.
கத்தி போய்விடும். அச்சு மட்டும்
சிவக்காமல், உள்ளுக்குள் கொதித்தபடி
வாய் திறந்து கிடக்கும்.
அதற்குத் தண்ணீர் அடிப்பதுதான் என் வேலை,
மூன்று எண்ணும் வரை.

"அஞ்சு எண்ணு" என்றார் போர்மன் ஜயதிலக்க.
"சூட்டிலே இளகினா தேஞ்சிரும்."
அதுவும் மெய்தான்.
ஆவணியில் குழாய் அடைத்த கிழமை
அச்சின் விளிம்பு சவர்க்காரமாய்க் கரைந்ததை
நானும் பார்த்தவள்.

அஞ்சு எண்ணினேன்.
இடி விழ மேல்தோல் விரியும்;
ஏழு டிகிரி பட்டதும் வெடுக்கென்று சுருங்கும்.
அந்தச் செய்தி
உள்ளே இருக்கும் இரும்புக்குப் போய்ச் சேருமுன்
அடுத்த இடி.
மேலே இழுக்கிறது, அடியில் பிடிக்கிறது,
எங்கேயாவது விட்டுத்தானே ஆக வேண்டும்.

ஆயிரத்து எண்ணூறாவது கத்தியில்
அச்சின் கன்னத்தில் ஒரு மயிரிழை.
இரண்டாயிரத்தில் வலை.
மவுசாகலை வற்றும்போது
கரைச்சேறு காய்ந்து பாளம் பாளமாய்ப் பிளக்குமே,
பூதக்கண்ணாடிக்குள் அதே படம்.
அச்சில் பிளவு என்றால் கத்தியில் மேடு.
கன்னத்தில் நரம்போடிய நானூறு கத்திகள்
லொறி ஏறின.
வெட்டும்தானே, என்றார்கள்.

செத்த அச்சைக் கண்டியில் அறுத்துப் பார்த்து
ஒரு படம் அனுப்பினார்கள்:
மேலே வெள்ளையாய் ஒரு பட்டை,
நகத்தைவிட மெல்லியது.
சுட்டுச் சுட்டு உடனே குளிர்ந்து
கண்ணாடியாய் இறுகிய தோல்,
உடைவதும் கண்ணாடி மாதிரியே.
மனேஜர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"உருக்கு சரியில்லை" என்றார்.
"உருக்கு இல்ல சேர், தண்ணி" என்றேன்.
அவர் என் நனைந்த சப்பாத்தைப் பார்த்தார்.

அடுத்த அச்சு பூட்டிய இரவு
பீப்பாயை உலைச்சுவரோடு உருட்டி வைத்தேன்.
முதல் இடிக்கு முன்
சுட்ட கழிவிரும்பை அச்சின் மடியில்
அரை மணி நேரம் கிடத்தினேன்.
தண்ணீர் நாற்பது. எண்ணிக்கை மூன்று.
போர்மன் வரும் சத்தம் கேட்டால்
வாயால் மட்டும் அஞ்சு.

பங்குனி முடிய ஐயாயிரத்து நூறு.
வலை இல்லை.
செருப்பின் குதி தேய்வதுபோல்
அவசரமில்லாமல் தேய்ந்திருந்தது.
அறிக்கையில் எழுதியிருந்தார்கள்:
உருக்கை மாற்றியதில் நல்ல பலன்.
உருக்கை எவரும் மாற்றவில்லை.

பொகவந்தலாவையில் அக்கா வீட்டுக்குப் போனபோது
மச்சான் குழந்தைசாமி
கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.
வாங்கிக் கன்னத்தைத் தடவினேன்.
பெருவிரலில் நரம்பு தட்டியது.
தை மாதம், இரண்டாயிரத்துக்குப் பிறகு.

"நல்ல கத்தி" என்றார் மச்சான்.
"மழையிலேயும் விரல் வழுக்காது.
இதே மாதிரி இன்னொண்ணு எடுக்கலாமா?"

இனி அப்படி வராது, மச்சான்,
என்றேன்.
ஏனென்று கேட்டார்.
தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.