மணி அடிக்காத நாட்கள்

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனைக் கூடம்.
என் வேலை எண்ணுவது.
எட்டுப் பொத்தான் வைத்த பழைய கருவி,
ஒவ்வொரு வெள்ளணுவுக்கும் ஒரு தட்டு,
நூறு ஆனதும் தானே மணி அடிக்கும்,
சைக்கிள் மணியைவிடச் சின்னச் சத்தம்.

மாசானமுத்துவின் முதல் ரத்தக்குழாய் வந்தது
சித்திரை பதினொன்று, ராத்திரி.
கங்கைகொண்டானில் இரும்புக் குழாய்களின் பற்றவைப்பில்
விரிசல் இருக்கா என்று பார்க்கிற வேலை அவனுக்கு.
மிளகளவு இரிடியம்
பெட்டிக்குத் திரும்பாமல் பாதிவழியில் நின்றுவிட்டது.
மீட்டரில் பேட்டரி இல்லை.
அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஃபிலிம் மாற்றியிருக்கிறான்.
"சூடுகூட தெரியலக்கா.
வாந்தி வந்தப்பொறம்தான் சந்தேகமே வந்துச்சு."

இரண்டாம் நாளே லிம்போசைட் கரைந்தது.
கற்பூரம் போல என்று சொல்லலாம்.
அறிக்கையில் நான் எழுதியது: நானூறு.

பிறகு தினமும் இறங்குமுகம்.
பதின்மூன்றாம் நாள் எண்ணிக்கை ஏறியது.
பிரம்மசக்தி, அவன் பெண்டாட்டி,
ஜன்னல் வழியே என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டாள்.
மறுநாள் எங்களுக்கெல்லாம் முந்திரிக்கொத்து.
டாக்டர் ஹமீதா ஒன்றை எடுத்துக்
காகிதத்தில் மடித்து மேஜையில் வைத்தார், தின்னவில்லை.
"இது நிக்காதும்மா" என்றார் என்னிடம் மட்டும்.
குற்றுயிராய்க் கிடக்கிற செல்கள்
சாகும்முன் பெற்றுப்போடும் கடைசிப் பிள்ளைகள் இவை.
அவற்றுக்குப் பின்னால் யாரும் வரப்போவதில்லை.

வரவில்லை.
அக்கினி நட்சத்திரம் உச்சியில் நிற்க
வண்ணார்பேட்டை ஆற்றில் பாறைகள் எழுந்து உட்கார்ந்திருந்தன.
இருபத்தேழாம் நாள் தட்டணு ஒன்பதாயிரம்.
பல் ஈறில் ரத்தம் கசிகிறது என்று துண்டுச்சீட்டு வந்தது.
லீஷ்மன் சாயம் ஏற்றிய கண்ணாடித் தகட்டில்
சிவப்பணுக்கள் மட்டும்,
ஆள் இல்லாத பந்தியில் போட்ட இலைகள்.
நான்கு தகடு மாற்றித் தேடி
பதினேழு வெள்ளணு.
மூன்று வாரமாக அந்த மணி அடிக்கவில்லை.
மற்றவர்கள் ரத்தத்துக்கு அடித்தது. இவனுக்கு இல்லை.

எலும்பு மஜ்ஜை எடுத்தார்கள்.
வலது இடுப்பில் வெறும் கொழுப்பு.
இடதில், கொழுப்புக்கு நடுவே, ஊதாவாக ஒரு சின்னக் கூட்டம்.
குழாய்க்கு அந்தப்பக்கம்
இடது காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான் அன்று.
கால்வாசி உடம்பு உருக்கின் நிழலில்.
விரிசல் இருக்கா என்று அவன் சந்தேகப்பட்ட அதே உருக்கு.

அதிலும் ஒரு வேடிக்கை:
ஓயாமல் பிரிந்து பிரிந்து உழைத்தவைதான்
முதலில் செத்தன.
எலும்பின் மூலையில் சும்மா தூங்கிக்கிடந்தவை
பிழைத்துக்கொண்டன.
இதை வீட்டில் சொன்னபோது
என் தம்பிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

தூங்கியவை எழும்.
எழுந்ததும் ஊரைக் கட்டாது,
அறுந்த தன் நூலை முதலில் தைத்துக்கொள்ளும்.
பிறகு இரண்டாகும், நாலாகும்,
ரத்தத்தில் ஏறி
காலியான எலும்புகளுக்குக் குடிபோகும்.
தையல் சிலதில் கோணல் இருக்கலாம்.
பத்து வருஷம் கழித்துத் தெரியலாம், தெரியாமலும் போகலாம்.
அதற்கு என் கருவியில் பொத்தான் இல்லை.

முப்பத்திரண்டாம் நாள் மோனோசைட் ஐந்து.
மறுநாள் பட்டைக்கரு உள்ள பிஞ்சு அணுக்கள்,
மூக்கு ஒழுகும் பிள்ளைகள் மாதிரி, அவசரமாக வெளியே வந்தவை.
"எத்தனக்கா?" என்று கேட்பதை
பிரம்மசக்தி நிறுத்தி ஒரு வாரமாகியிருந்தது.
நானாகவும் போய்ச் சொல்லவில்லை.
ஒருதரம் தின்ற முந்திரிக்கொத்து தொண்டையில் இருந்தது.

முப்பத்தாறு.
மத்தியானம் ஒன்றேகால், எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.
தென்மேல் காற்று கூடத்துக் கதவை அடித்துக்கொண்டிருந்தது.
தொண்ணூற்றெட்டு.
தொண்ணூற்றொன்பது, ஒரு நியூட்ரோஃபில், கரு மூன்றாக மடிந்து, நல்ல வளர்ச்சி.
அடுத்த தட்டில் மணி.
எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் இல்லை.
எண்களை எழுதி, கையெழுத்துப் போட்டு,
கருவியைச் சுழியத்துக்குத் திருப்பினேன்.
அடுத்த தகடு:
களக்காடு, பெண் குழந்தை, ஆறு வயது, காய்ச்சல்.