லண்டன்பேட்டை, இரண்டாம் மாடி

இரவு பதினொன்று நாற்பதுக்கு வந்தது அந்த வேலை.
அமராவதி விழித்துவிடாமல்
வெளிச்சத்தைக் குறைத்துப் படித்தேன்.
டேட்டா என்ட்ரி. வீட்டிலிருந்தே.
அனுபவம் தேவையில்லை. ஆங்கிலம் தேவையில்லை.
மாதம் முப்பத்தெட்டாயிரம்.
எதுவுமே தேவையில்லாத இடத்துக்கு
நான் எதற்குத் தேவை என்று
ஒரு கணம் தோன்றியது.
தோன்றியதைத் தள்ளிவிட்டு
பெயரை நிரப்பினேன்.

நாற்பத்தொரு கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன்.
ஓசூர் சிப்காட்டில்
வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு வந்தவை
தனிக்கணக்கு.
இல்லை என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை.
இவர்கள் நான்கே நிமிடத்தில் பதில் போட்டார்கள்:
அன்புள்ள திம்மராயன்.
பிழையில்லாமல்.
காலேஜ் சர்டிபிகேட்டிலேயே
ஒரு 'ம்' விழுந்துபோய்
திமராயன் ஆன பெயர் அது.

காலையில், சாப்பிட்டீங்களா சார்?
மதியம், நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்.
இன்டர்வியூ எப்போது நடந்தது?
தூக்கத்தில் நடந்திருக்க வேண்டும்.
நன்றாகத்தான் பதில் சொல்லியிருக்கிறேன் போல.

பதிவுக் கட்டணம் ஆயிரத்து எண்ணூற்றைம்பது,
முதல் சம்பளத்தோடு திரும்ப வரும்.
செவ்வாய்க்கிழமை குழுத்தவணைக்கென்று
அரிசி டப்பாவில் அமராவதி வைத்திருந்தது
ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
ஐம்பது ரூபாய் மிச்சம்கூட வருகிறதே என்று
கணக்குப் போட்ட மூளையை
என்ன சொல்ல.

பல்வலி என்று சொல்லிவிட்டு
வேப்பனப்பள்ளியில் பஸ் ஏறினேன்.
தலைமையகம் லண்டனாம்.
கிளை, கிருஷ்ணகிரி லண்டன்பேட்டையாம்.
பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன்,
பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் நகரும்படி.
பிறகு தோன்றியது:
சிரிக்கவைக்க எழுதியிருக்க மாட்டான்.
இந்த ஊர்ப் பையன் எவனோ
வாய்க்கு வந்த பேரை அடித்திருக்கிறான்.
அவனுக்கும் நேரமாகியிருக்கும்.
அவனுக்கும் மேலே ஒருவன்
டார்கெட் வைத்திருப்பான்.

சையத் பாஷா மலை
வெயிலில் தோலுரித்ததுபோல நின்றது.
கீழே ஜெராக்ஸ் கடை.
பக்கத்தில் மாம்பழக்கூழ் டின் அடுக்கிய கோடவுன்,
புளித்த வாசனை இரண்டாம் மாடிவரை வந்தது.
அங்கே ஒரு ஷட்டர்.
பூட்டில் துரு.
ஹெல்மெட்டைக் கழற்றாமல்
எனக்கு முன்பே ஒருவர் நின்றிருந்தார்.
முகம் தெரியவில்லை,
கையைப் பார்த்தால் ஐம்பது வயதிருக்கும்.

"போட்டோ ஸ்டூடியோ இங்கதானுங்களா?"
"நானும் அதுக்குத்தாங்க வந்தேன்."

அங்கே எந்தக் காலத்திலும் ஸ்டூடியோ இல்லை.
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
அவர் கக்கத்தில் கண்ணாடி ஃபைல்.
மேல்தாளில்
குமுதவல்லி, பி.இ.,
கறுப்பு அங்கியில் பல் தெரியச் சிரிக்கிற பெண்.
பணம் கட்டிட்டீங்களா என்று
வாய்வரை வந்தது.
கேட்டால்
நான் கட்டவில்லை என்றும் சொல்ல வேண்டும்.
அந்த இடத்தில் அது
பெருமை பேசுவதுபோல இருந்திருக்கும்.

ஷட்டரை அவர் ஒருமுறை தட்டினார்,
மெதுவாக,
உள்ளே குழந்தை தூங்குவதுபோல.

படியிறங்கும்போது சொன்னார்,
"ஸ்டூடியோவ மாத்திட்டாங்க போல."
"ஆமாங்க,
ராயக்கோட்டை ரோட்டுக்குப் போயிடுச்சாம்,
பெட்ரோல் பங்க் எதிர்ல."
யோசிக்கவே இல்லை.
தானாக வந்தது விலாசம்,
எதிரில் பங்க்வரை.

அவர் தலையாட்டினார்.
வண்டியை எடுத்தார்.
வந்த வழியே திரும்புவார் என்று பார்த்தேன்.
ரவுண்டானாவில் ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம்
இண்டிகேட்டர் போட்டார்.

கூப்பிட்டிருக்கலாம்.
ஹெல்மெட்டுக்குள் கேட்டிருக்காது என்று
வீடு வரும்வரை சொல்லிக்கொண்டேன்.

இரவு மறுபடி வந்தது:
திம்மராயன் சார், இன்னும் இரண்டே இடம்.
சாப்பிட்டீங்களா?
நம்பரைத் தடைசெய்யும் இடத்தில்
விரலை வைத்தேன். எடுத்தேன்.
எனக்குப் பதில் போட்ட ஒரே கம்பெனி.

அரிசி அளக்க டப்பாவைத் திறந்தபடி
அமராவதி கேட்டாள்,
பல் என்னாச்சு?

இன்னும் பிடுங்கலை என்றேன்.