பதினேழாவது தட்டு

செங்குன்றம் தாண்டி, செங்கல் சூளைகளுக்குப் பின்னால்,
ஞாயிறு காலை ஆறரை.
சுடுவதற்கு இங்கே உயிருள்ள எதுவும் இல்லை.
பள்ளத்து இயந்திரம் துப்புவது
ஆரஞ்சு நிறத்தில் ஒரு மண்தட்டு,
செட்தோசை அளவுதான்.
ஆனாலும் அதைப் பறவை என்கிறோம்.
"பறவை போயிடுச்சு" என்று
சீட்டில் சுழி போடுகிறாள் லோகபிரியா,
முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

மூன்று மாதமாக எனக்குச் சுழிகள்.
வலப்பக்கம் போகிற பறவை ஒன்றையும் தொட்டதில்லை.

துப்பாக்கி கிளப்புடையது.
என்னைவிட அரையடி உயரமான யாருக்கோ
அளவெடுத்த கட்டை.
தோளுக்கு ஏற்றும்போது அக்குளில் மாட்டும்.
ஞாயிறுதோறும் காறையெலும்புக்குக் கீழே
ஒரு நாவற்பழம் பழுக்கும்.
திங்கட்கிழமை மின்வாரிய கவுண்ட்டரில்
சில்லறை இல்லையா என்று கேட்கும்போதெல்லாம்
கை அங்கே போய்ப் போய் வரும்.

கட்டையை இரண்டு விரற்கடை அறுக்க
அனுமதி வாங்கினேன்.
செயலாளர் மூன்று கடிதம் கேட்டார்.

பிறகு கண்.
கைகளை நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு முக்கோணம்,
அதற்குள் தூரத்துத் தண்ணீர்த் தொட்டி.
வலக்கண்ணை மூடினேன்: தொட்டி அசையவில்லை.
இடக்கண்ணை மூடினேன்: தாவி ஓடிவிட்டது.
முப்பத்தெட்டு வருஷம்
வலக்கைக்காரி என்று திரிந்த என் முகத்தில்
இடக்கண்தான் ஆண்டுகொண்டிருந்திருக்கிறது.
கண்ணாடியில் ஒரு துண்டு செல்லோடேப்.
ஆட்சி கவிழ்ந்தது.

நேராகப் போகிற பறவைகள் உடைய ஆரம்பித்தன.
வலப்பக்கம் மட்டும், அப்படியே.

காரணம் தெரியாமல் இல்லை.
இருக்கிற இடத்தில் சுட்டால்
ரவை போய்ச் சேரும்போது பறவை அங்கே இருக்காது.
முன்னால் சுட வேண்டும்.
எவ்வளவு முன்னால்?
அதை அளக்க ஒரு கணம் குழலை நிறுத்துவேன்.
பறவை நிற்காது.

இத்தனைக்கும் தினமும் செய்கிற வேலைதான்.
ஸ்டெர்லிங் ரோட்டில் இருபத்தொன்பது சி வரும்போது
பஸ் இருக்கிற இடத்துக்கா ஓடுகிறேன்?
நிறுத்தத்தைத் தாண்டி, ஜூஸ் கடையையும் தாண்டி,
எங்கே வேகம் குறையுமோ அங்கே.
தோளில் பை, கையில் டிபன், வாயில் ஹேர்பின்,
கம்பி தானாக உள்ளங்கைக்குள் வந்துவிடும்.
இதை லோகபிரியாவிடம் சொன்னேன்.
"பஸ்ஸை யாரும் சுடறதில்லையே" என்றாள்.

இன்று பதினேழாவது தட்டு.
இயந்திரத்துக்குக் காது உண்டு,
குரல் கொடுத்தால்தான் விடும்.
துப்பாக்கியை ஏற்றிவிட்டேன்.
இன்னும் வாயைத் திறக்கவில்லை.
வேலியோரம் முட்டை காத்த ஆட்காட்டி ஒன்று
காவலாளியின் நாயைப் பார்த்து அலறியது.
மைக் அதை என் குரல் என்று எடுத்துக்கொண்டது.

தட்டு பறந்தது. வலப்பக்கம்.

அளக்க நேரமில்லை.
இடுப்பு திரும்பியது, அதன் மேலிருந்த எல்லாம் திரும்பியது,
கன்னம் கட்டையை விட்டுப் பிரியவில்லை,
வெடித்த பிறகும் குழல் போய்க்கொண்டே இருந்தது
பறவை இல்லாத வானத்தில்.

ஆரஞ்சுப் புகை.

பள்ளத்துக்குள்ளிருந்து கன்னியப்பன் கத்தினார்:
"யார்மா கூப்பிட்டது?"
லோகபிரியா பென்சிலைத் தூக்கியபடி யோசித்தாள்.
நான் அழைக்காத பறவை; விதிப்படி செல்லாது.
திரும்பச் சுடச் சொன்னாள்.
இந்த முறை நானே அழைத்தேன், நல்ல கணீரென்று.
நேராகப் போனது. சுலபமானது.
தவறவிட்டேன்.

சுழி.

நாய் போய்விட்டது.
உடைந்த ஆரஞ்சுச் சில்லுகளுக்கு நடுவே
தத்தித் தத்தி நடந்துபோய்
தன் முட்டைகள்மேல் உட்கார்ந்தது ஆட்காட்டி,
எனக்கு முதுகைக் காட்டி.

பதினெட்டுக்குத் தோட்டா போடுகிறேன்.