பெயர்கள் ஏறும்போது

தொகிஜிக்கு இன்னும் பதினான்கு வயதுதான்.
ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் ஒரே வயது.
இப்போது எனக்கு வீட்டுக்கடன்,
பாதியில் நிற்கும் பல் வைத்தியம்,
அல்சூர் ஏரிப் பக்கம் இரண்டாம் மாடி.

இருபத்து மூன்றாவது படம். இரவுக் காட்சி.
கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு
ஓடி வந்தான் பெனடிக்ட்.

இந்த முறை தொகிஜி தோற்றான்.
சண்டைகூட இல்லை.
மலைப்பாதையில் மூச்சு வாங்கி உட்கார்ந்தான்;
யாரோ ஒரு சின்னப் பெண்
அவன் விளக்கை எடுத்துக்கொண்டு
மேலே ஏறினாள்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இனிமே அவ கதைடா.”
“விடமாட்டானுங்க. பொம்மை விக்கணும்ல” என்றேன்
பாப்கார்ன் டப்பாவை
மடித்து, மேலும் மடித்து.

ஜப்பானிய எழுத்தில் பெயர்கள் ஏறுகின்றன.
ஒன்றும் படிக்கத் தெரியாது;
ஒருவரும் எழவில்லை.
கடைசி மெட்ரோ போயிருக்கும்.

துடைப்பத்தோடு வாசலில் நின்ற அம்மா
கால் மாற்றிக்கொண்டு கேட்டாள்:
“முகீத்தா?”

இந்த ஊரிலேயே பிறந்தவன்.
கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.
முடிந்ததா என்ற அந்த ஒரு சொல்லுக்கு
பெனடிக்ட் என்னைப் பார்க்கிறான்,
நான் இன்னும்
பெயர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.