மூன்றாம் மேசை

மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரம் பற்றி
மூச்சிரைக்க ஏறிவரும் வண்டியில்
தபால் மூட்டைகள் நனைந்தே வரும்.
குன்னூரில் அந்த வருஷம்
மழை நின்றதாக எனக்கு நினைவில்லை.

தைலக் கிடங்கின் மாடியில் எங்கள் தணிக்கை அலுவலகம்.
ஆறு மேசை, ஆறு கத்தி, ஒரு கரி அடுப்பு.
யுத்த காலம், ஆள் பஞ்சம்;
பெண்ணாகிய எனக்கும் நாற்பது ரூபாய் சம்பளம்.
வெட்ட வேண்டியவை சுவரில் ஒட்டியிருந்தன:
ஊர்ப் பெயர், கப்பல், அரிசி விலை,
காலரா,
சிப்பாயின் மனம் தளரும்படியான எதுவும்.

மூன்றாம் மேசை போஜனுடையது.
ஜெகதளாக்காரன், பத்தொன்பது வயது.
வெட்டிய துண்டைக் கூடையில் போடுமுன்
இன்னொரு தரம் படிப்பான்.
கூடப் படித்த இருவர் வேலூர்ச் சிறையில் இருந்தார்கள்.
அவர்கள் வீட்டில் இவனுக்குத் தண்ணீர் தருவதில்லை.
"இது தோற்கக் கூடாத சண்டை" என்பான்
அடுப்பில் கை காட்டிக்கொண்டு,
எங்களிடம் இல்லை, கைகளிடம்.

சிப்பாய் குருபாதம். ஊர் இல்லை, எண் மட்டும்.
பர்மா எல்லை என்பது எங்கள் ஊகம்.
சித்திரையில் கேட்டிருந்தான்:
பிள்ளைக்கு என்ன பேர் வச்சீங்க?
ஆனியில் கேட்டான்.
ஆவணியில், பென்சில் காகிதத்தைக் கிழிக்க,
பேரைத்தானே கேக்குறேன்.

ஒவ்வொரு தரமும் செங்கமலம் பதில் போட்டிருந்தாள்,
யாரோ வாத்தியார் கையெழுத்தில்.
ஒவ்வொரு தரமும் அந்த இரண்டு வரியை
எங்களில் ஒருவர் வெட்டினோம்.
ஒரு தரம் நான்.
கத்தி பதமாக இருந்தது. காகிதம் சத்தமே போடவில்லை.

பேர் வைக்கிறதுக்குள்ள பேதியில போயிட்டுது.
ஆம்பளப் பிள்ளை. உங்க காது.

நாலாவது கடிதம் மூன்றாம் மேசைக்கு வந்தது.
போஜன் படித்தான். மடித்தான்.
முழுசாக உறையிலிட்டு
'பார்க்கப்பட்டது' முத்திரையை
என் மைக்கூடு அதிரக் குத்தினான்.
பேரேட்டைத் திறந்து எழுதினான்:
வரி ஏழு, எட்டு – வெட்டவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்:
அவருடையது.

எழுதாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது.

கேப்டன் கெட்டவரல்ல. அவர் மகனும் கப்பலில் இருந்தான்.
பனி என்று எழுது, என்றார்.
விளக்கு மங்கல், கவனப்பிசகு,
ஏதாவது எழுது, போ.
போஜன் பேனாவை அவர் பக்கமே திருப்பி வைத்தான்.
"படித்தேன் ஐயா. படித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.
பிள்ளை செத்தது தெரியாத ஆளை வைத்துத்தான்
ஜெயிக்க வேண்டுமென்றால்"
அருவங்காட்டு வெடிமருந்து ஆலைச் சங்கு ஊதியது.
மீதியை அவன் சொன்னானா என்று தெரியாது.

ஐந்து மேசையும் குனிந்திருந்தன.
நான் ஒரே வரியைப் பதினொரு முறை படித்தேன்.
செவலைக்குக் கொம்பு சீவியாச்சு
என்று யாரோ யாருக்கோ எழுதியிருந்தார்கள்.

கூட்டிப்போன போலீஸ்காரர்
குடையை எடுக்க விடவில்லை.
பங்குனி வரை அது ஆணியில் தொங்கியது.
வழியை மறிக்கிறது என்று
ஒருவரும் குறை சொல்லவில்லை.

கார்த்திகையில் குருபாதத்தின் கடிதம்
என் மேசைக்கு வந்தது.

கடுதாசி கெடச்சுது. முழுசா.
முன்ன வந்த மூணுலயும் ஓட்டை.
ஓட்டையைப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு.
ஆனாலும் யாராவது சொல்லணும்ல.
இனிமே பேர் கேக்க மாட்டேன்.
நீ தனியா படுக்காதே, அக்கா வீட்டுக்குப் போ.

தணிக்கையைக் குறிப்பிடும் வரிகள் கூடாது:
சுவரில் எட்டாவது விதி.

கத்தியை எடுத்தேன். வைத்தேன்.
அடுப்புக்குப் போய் வந்தேன். எடுத்தேன்.

கடிதம் முழுசாகவே போயிற்று.
பேரேட்டில், எல்லோரும் மெச்சும் என் கையெழுத்தில்,
காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
கத்தி மழுங்கல். புதியது தேவை.

மறுநாளே வந்துவிட்டது.