மெதுவாக விழும் டோஸ்

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடக்கிறது.
டேங்கர் வண்டி, எண்ண ஆரம்பித்து
முப்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.
ஷேர் ஆட்டோவில் என் மடியில் டிபன் டப்பா.
உள்ளே பஞ்சு சுற்றிப் பன்னிரண்டு ஓடுகள்,
கூடவே தடித்த கட்டை ஒன்று,
எல்லாம் மஞ்சள்.
இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா எட்டிப் பார்த்து
"சோப்பா?" என்றாள்.
"பிளாஸ்டிக்" என்றேன்.
பொய்யில்லை.

துகள் ஒன்று வந்து பித்தளைத் தகட்டில் மோதும்.
ஒன்று நாலாகும், நாலு நாற்பதாகும்,
தகட்டுக்குத் தகடு பெருகிப் பெருகி
பெருக வலுவில்லாத இடத்தில் நின்றுபோகும்.
அதற்குள் நடுநடுவே செருகிய ஓடுகள்
நீலமாய் ஒருமுறை சிமிட்டியிருக்கும்.
சிமிட்டலைக் கூட்டினால்
வந்தவன் எவ்வளவு கொண்டுவந்தான் என்பது கணக்கு.
கலோரிமீட்டர் அவ்வளவுதான்.
வருவதை முழுக்க வாங்கிக்கொள்ளும் சுவர்.
நொடிக்கு கோடி தடவை வாங்கினால்
சுவர் என்ன ஆகும்
என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வியாசர்பாடி எஸ்டேட்டில் எப்சிபாவின் ஷெட்.
"மூணு மில்லிமீட்டர். மேல கீழ இருபது மைக்ரான்.
அதுக்கு மேல ஒழுங்கு வேணும்னா வேற ஆளப் பாரு."
ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.
ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டே
கூலன்ட் குழாயைத் திருப்பிவிடுவாள்.

அவள் கொடுத்தபோது தண்ணீர்போல இருந்தவை.
கோபால்ட் அறையில் இரண்டு நாள்,
பத்து வருட அடியை மொத்தமாக வாங்கி
பீடிப் பல் நிறத்தில் வெளியே வந்தன.

கட்டையை ஜன்னலில் வைத்தேன்.
மணலி பக்கம் திறக்கிற ஜன்னல்.
கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை
விடிவதற்குள் பழுக்கிற காற்று.
முதல் வாரம் விளிம்பில் நகக்கண் அளவு வெளுத்தது.
மூன்றாம் வாரம் சுற்றிலும் தெளிந்து
நடுவில் மட்டும் மஞ்சள்,
அவித்த முட்டையைக் குறுக்கே அறுத்ததுபோல.
ஆக்சிஜன் உள்ளே நடந்துகொண்டிருந்தது.
இந்தக் காற்றிலும் அது இருக்கத்தான் செய்கிறது.

அன்றைக்கு அறிக்கையை அங்கேயே முடித்திருக்கலாம்.

எட்டு மாதம் கழித்து இன்னொரு டப்பா வந்தது.
அதே பிளாஸ்டிக், அதே மொத்த அளவு,
சொட்டுச் சொட்டாக வாங்கியவை.
இவை கூடுதலாக மங்கியிருந்தன.
தெளியவே இல்லை.
அடி நின்றபின் உள்ளே வந்தால் ஆற்றுகிற காற்று
அடி விழும்போதே உள்ளே இருந்தால்
காயத்தைப் பூட்டிவிடுகிறது.
மூன்று தடவை அளந்தேன்.
ஒரு தடவை விளக்கைச் சந்தேகப்பட்டேன்.

கார்ப்பரேஷன் முகாமில் குழாயை வாயில் வைத்து
"ஊது ஊது ஊது, இன்னும் இன்னும்" என்று கத்தினாள்
நர்ஸ் பொண்ணு.
எழுபத்தொரு சதவீதம்.
"சிகரெட்?"
"இல்ல."
"என்ன வேலை?"
"கதிர்வீச்சு தாங்குற பொருள் டிசைன் பண்றேன்."
பேனாவை ஒருகணம் நிறுத்தி
"பிளாஸ்டிக் கம்பெனி" என்று எழுதிக்கொண்டாள்.
"எத்தனை வருஷமா இங்க?"
"பொறந்ததுலேர்ந்து."
அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

ராத்திரி அறிக்கையைத் திருத்தினேன்.
கற்றைக்கு அருகில் பிளாஸ்டிக் வேண்டாம்,
சிலிக்கான் போடுங்கள், மைனஸ் முப்பதில் வையுங்கள்.
வெளி அடுக்கில் ஓடுகளே இருக்கட்டும்,
ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி எல்.ஈ.டி.
தினமும் ஒரே அளவு வெளிச்சத்தைக் காட்டி
இன்றைக்கு எவ்வளவு திரும்பி வந்தது என்று கேட்க வேண்டும்.
'தாங்கும்' என்று எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு
'மங்கும்; எவ்வளவு என்பது தெரிந்திருக்கும்'
என்று போட்டேன்.

போன் அதிர்ந்தது. எப்சிபா.
"பதினெட்டு மைக்ரான் வந்திருக்கு.
காலைல வந்து தூக்கினு போ,
கேட் போடறதுக்குள்ள."