அரை அங்குலம்

ஐந்தடி மூன்று அங்குலம் என்கிறது
நியூஃபவுண்ட்லாந்துப் படை அனுப்பிய காகிதம்.
எங்கள் கதவு நிலையில்
உன் கடைசிப் பென்சில் கோடு
அதற்கு அரை அங்குலம் கீழே நிற்கிறது, எலைஜா.
மூன்று முறை அளந்துவிட்டேன்.

நீ செயின்ட் ஜான்ஸுக்குப் படகேறிய வாரம்
செய்தித்தாளில் நடுத்தாள் காணவில்லை.
அடுப்பு மூட்டக் கிழித்துவிட்டேன் என்று
அப்பா என்னைத்தான் திட்டினார்.
மீன் விலை அதில்தான் இருந்ததாம்.
நீ வாசலில் குனிந்து
பூட்ஸ் கயிற்றை
இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாய்,
தலை நிமிரவே இல்லை.

திருட்டுப் பயலே,
காட் மீன் விலையின்மேல் ஏறி நின்றா
போருக்கு எட்டினாய்?

பிரான்ஸிலிருந்து வந்த பொட்டலத்தில்
சவரக்கத்தி, ஒற்றைக் கையுறை,
அம்மாவுக்கு எழுதி முடிக்காத நாலு வரி.
பூட்ஸ் வரவில்லை.

இன்று உப்பிட்ட மீனை அடுக்குகிறோம்.
மேல்தட்டைப் பார்த்து அப்பா சொல்கிறார்:
"அவன் இருந்தால் எட்டுவான்."

எட்டமாட்டாய்.
உனக்கு முக்காலி இழுத்துப் போட்டதெல்லாம் நான்.

ஒன்றும் சொல்லாமல்
முக்காலியை இழுத்துப் போட்டு
நானே ஏறுகிறேன்.